லைம் நோய் ஆன்டிபாடி டெஸ்ட்: எப்போ எடுக்கணும், லேப்ல என்ன நடக்குது, ரிப்போர்ட்டை எப்படி படிக்கணும்

உண்ணி கடிச்சு வர்ற லைம் நோய்க்கு ரத்த டெஸ்ட் எடுத்தாச்சு, ரிப்போர்ட் கைக்கு வந்தாச்சு, அதுல ஐஜிஎம் பாசிட்டிவ் ஐஜிஜி நெகட்டிவ்னு (ரெண்டும் ஆன்டிபாடி வகைங்க, அதாவது கிருமிக்கு எதிரா உடம்பு செய்யற புரோட்டீன்) போட்டிருக்கு, இல்லன்னா 41னு ஒரே ஒரு பேண்ட் (டெஸ்ட் ஸ்ட்ரிப்ல விழற கோடு) மட்டும் வந்திருக்கு, கீழ ஏதோ ஒரு வரி கமெண்ட் இருக்கு, ஆனா நோய் இருக்கா இல்லையாங்கறது மட்டும் புரியல. இந்த நிலைமையில தவிக்கறவங்களுக்காகத்தான் இதை எழுதறேன். டெஸ்ட் எழுதிக் குடுக்கறதுக்கு முன்னாடி இருந்து ஆரம்பிச்சு, லேப்ல அந்த ட்யூப் போற வழி, ரிப்போர்ட்டைப் படிக்கற முறை, அதுக்கப்புறம் என்னங்கற வரைக்கும் வரிசையா போவோம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

மொதல்ல இந்த டெஸ்ட் எதைப் பாக்குதுன்னு தெளிவாயிடணும்

லைம் நோயை உண்டாக்கறது பொரேலியா பர்க்டார்ஃபெரிங்கற சுருள் வடிவ பாக்டீரியா. வில்லி பர்க்டார்ஃபர் 1981ல உண்ணியோட குடலுக்குள்ள இதைக் கண்டுபிடிச்சார், அவர் பேரையே வெச்சுட்டாங்க. வட அமெரிக்காவுல பெரும்பாலும் இந்த ஒரு இனம்தான், ஐரோப்பாவுலயும் ஆசியாவுலயும் இதோட சேர்ந்து பொரேலியா அஃப்செலி, பொரேலியா கரினின்னு சொந்தக்கார இனங்களும் நோய் தருது. எல்லாத்தையும் பரப்பறது இக்சோடீஸ் வகை உண்ணிங்க.

இந்த பாக்டீரியா ரத்தத்துல ரொம்பக் கம்மியா, கொஞ்ச நாள் மட்டும்தான் சுத்தும். அப்புறம் தோல், மூட்டு, நரம்புன்னு திசுக்களுக்குள்ள போய் ஒதுங்கிக்கும். அதனால ரத்தத்தை கல்ச்சர் போட்டோ (கிருமியை வளத்துப் பாக்கறது) பிசிஆர் பண்ணியோ (கிருமியோட டிஎன்ஏவைத் தேடறது) நேரடியா கிருமியைப் பிடிக்கறது கஷ்டம், கல்ச்சருக்கு தனி மீடியம் வேற வேணும், வாரக்கணக்குல ஆகும். அதனாலதான் லேப் கிருமியை விட்டுட்டு கிருமிக்கு எதிரா உடம்பு செஞ்ச ஆன்டிபாடியைத் தேடுது. இந்த ஒரு விஷயத்தை மனசுல நல்லா ஏத்திக்கிட்டா மீதி எல்லாம் தானா புரியும்: டெஸ்ட் சொல்றது உங்க உடம்பு என்னைக்கோ ஒரு நாள் இந்த மாதிரி ஒரு புரோட்டீனைப் பாத்து எதிர்வினை காட்டியிருக்கா இல்லையான்னு மட்டும்தான். அது இப்பவா, பத்து வருஷம் முன்னாடியா, இதே கிருமியா, இதை மாதிரி இன்னொண்ணான்னு டெஸ்ட்டுக்குத் தெரியாது. அதை நாள் கணக்கும் அறிகுறியும் தான் சொல்லணும்.

படி 1: டெஸ்ட் தேவையா இல்லையா

இதைத்தான் நிறைய பேர் தாண்டிப் போயிடறாங்க, எனக்கு ரொம்ப ஆதங்கம் இதுலதான்.

உண்ணி கடிச்ச இடத்துல 3 நாள்ல இருந்து 30 நாளுக்குள்ள ஒரு சிவப்பு வட்டம் வந்து, நாளுக்கு நாள் பெருசாகிட்டே போகுது, 5 சென்டிமீட்டருக்கு மேல விரிஞ்சிடுச்சு, உண்ணி இருக்கற பகுதியில இருந்திருக்கீங்க, அப்படின்னா அது எரிதீமா மைக்ரான்ஸ். லைம் வந்தவங்கள்ல 70ல இருந்து 80 சதவீதம் பேருக்கு இது வரும். நடுவுல வெளுத்து வளையம் மாதிரி இருக்கணும்னு அவசியமே இல்ல, முழுசா ஒரே சிவப்பாவும் இருக்கலாம். இது இருந்தா டாக்டர் கண்ணால பாத்தே முடிவு பண்ணி மருந்து ஆரம்பிக்கணும், ரத்த டெஸ்ட் வேண்டாம். ஏன்னா இந்தக் கட்டத்துல ஆன்டிபாடி இன்னும் உருவாகியே இருக்காது, பழைய ரெண்டு அடுக்கு முறையில (முதல் டெஸ்ட் நெகட்டிவ் இல்லைன்னா மட்டும் இன்னொரு டெஸ்ட், படி 5ல வருது) இந்த சமயம் டெஸ்ட் பண்ணா பாதிப் பேருக்கு மேல நெகட்டிவ்னுதான் வரும். அந்த நெகட்டிவ்வைப் பாத்து மருந்தை நிறுத்திட்டா அதுதான் பெரிய ஆபத்து.

உண்ணி கடிச்ச ரெண்டு நாளுக்குள்ளயே வர்ற சின்னச் சிவப்பு வேற, அது உண்ணியோட எச்சிலுக்கு தோல் காட்டற அலர்ஜி, பெருசாகாம தானா போயிடும்.

உண்ணி கடிச்சுச்சு, ஆனா எந்த அறிகுறியும் இல்ல, சும்மா பாத்துடலாம்னு டெஸ்ட் எடுக்கறதும் வீண். அன்னைக்கு எடுத்தா பழைய கதை ஏதாவது இருந்தா அதுதான் தெரியும். அங்க யோசிக்க வேண்டிய கேள்வி வேற: இக்சோடீஸ் உண்ணிதானா, நோய் அதிகமா இருக்கற பகுதியா, 36 மணி நேரமாவது ஒட்டிக்கிட்டு இருந்துச்சா, எடுத்து 72 மணி நேரம் ஆகலையா, இந்த நாலுக்கும் ஆமான்னா ஒரே ஒரு டோஸ் டாக்சிசைக்ளின் தடுப்பா குடுக்கலாமான்னு டாக்டர் முடிவு பண்ணுவார். எடுத்த உண்ணியை லேபுக்கு அனுப்பி அதுக்குள்ள கிருமி இருக்கான்னு பாக்கறதும் சிகிச்சைக்கு உதவாது, உண்ணிகிட்ட கிருமி இருந்தா உங்களுக்குள்ள வந்துடுச்சுன்னு அர்த்தம் ஆகாது, இல்லன்னாலும் இன்னொரு உண்ணி கடிச்சிருக்கலாம். எந்த வகை உண்ணின்னு அடையாளம் பாக்கறது மட்டும் உபயோகமானது.

அப்புறம் மூணாவது கூட்டம், மாசக்கணக்கா அசதி, உடம்பு வலி, தூக்கம் சரியில்ல, வேற எதுவும் கிடைக்கல, லைம் இருக்குமோன்னு டெஸ்ட் எடுக்கறவங்க. உண்ணி இருக்கற பகுதிக்கே போகாதவங்க இந்த டெஸ்ட் எடுத்தா அது உதவறதை விட குழப்பறதுதான் அதிகம். ஏன்னு கணக்கு போட்டே காட்டறேன். உதாரணத்துக்கு இப்படி 1000 பேரை டெஸ்ட் பண்றோம், அதுல நிஜமா லைம் இருக்கறது 5 பேருக்குன்னு வெச்சுக்கங்க. டெஸ்ட் நோய் இல்லாத 100 பேர்ல 98 பேருக்கு சரியா நெகட்டிவ் சொல்லுது, நல்ல டெஸ்ட்தான். அப்பவும் நோய் இல்லாத 995 பேர்ல கிட்டத்தட்ட 20 பேருக்கு தப்பா பாசிட்டிவ் வரும். நிஜமான 5 பேரும் பாசிட்டிவ் ஆனாலும் மொத்தம் 25 பாசிட்டிவ்ல 20 தப்பு. இப்ப அதே டெஸ்ட்டை, நோய் பரவியிருக்கற பகுதியில முழங்கால் பெருசா வீங்கி வந்த 1000 பேருக்கு பண்றோம், அதுல 300 பேருக்கு லைம் இருக்குன்னு வெச்சா, தப்பு பாசிட்டிவ் 14 தான், நிஜ பாசிட்டிவ் 300 கிட்ட. டெஸ்ட் ஒண்ணேதான், ஆனா ஒரு இடத்துல பாசிட்டிவ்வை நம்ப முடியாது, இன்னொரு இடத்துல கண்ணை மூடிட்டு நம்பலாம்.

அப்போ யாருக்குத்தான் டெஸ்ட்? உண்ணி இருக்கற இடத்துல நடமாடினவங்களுக்கு, முகத்துல ஒரு பக்கமோ ரெண்டு பக்கமோ திடீர்னு வாதம், காரணம் தெரியாத மெனிஞ்சைட்டிஸ் (மூளை உறை அழற்சி), நரம்பு வேர் வழியா இழுக்கற கடுமையான வலி, சின்ன வயசுலயே இதயத் துடிப்புல பிளாக், முழங்கால் மாதிரி பெரிய மூட்டு ஒண்ணு ரெண்டு வீங்கறது. இவங்களுக்கு ஆன்டிபாடி டெஸ்ட் பிரமாதமா உதவும். கடிச்சது ஞாபகம் இல்லைன்னு விட்டுடக்கூடாது, கடிக்கற நிம்ஃப் பருவ (இன்னும் முழுசா வளராத) உண்ணி 2 மில்லிமீட்டருக்கும் கம்மி, நிறைய பேர் அதைப் பாக்கறதே இல்ல.

படி 2: நாள் கணக்கு

ஐஜிஎம் ஆன்டிபாடி பொதுவா தொற்று வந்து 2ல இருந்து 4 வாரத்துல தலைகாட்டும். ஐஜிஜி 4ல இருந்து 6 வாரத்துல வரும். அதுக்கு முன்னாடி எடுத்த ரத்தம் நெகட்டிவ்னா அதுக்குப் பேரு விண்டோ காலம், உடம்பு இன்னும் பதில் சொல்லலைன்னு மட்டும்தான் அர்த்தம்.

தோல்ல வந்த தடிப்பு எரிதீமா மைக்ரான்ஸ்தானான்னு டாக்டருக்கே சந்தேகமா இருந்தா இங்க ரெண்டு ரத்த முறை இருக்கு, இப்ப ஒண்ணு எடுத்து, அது நெகட்டிவ்னா 2, 3 வாரம் கழிச்சு இன்னொண்ணு. ரெண்டையும் ஒரே லேப்ல, ஒரே வகை டெஸ்ட்ல பண்ணணும். ஒரு லேப் நம்பரை இன்னொரு லேப் நம்பரோட ஒப்பிட்டா ஒண்ணும் தெரியாது, ஏன்னா ஒவ்வொரு கிட்டும் வேற ஆன்டிஜென் (ஆன்டிபாடி போய் ஒட்டற கிருமியோட புரோட்டீன்), வேற கட்-ஆஃப் (பாசிட்டிவ்னு சொல்ற எல்லை).

இன்னொண்ணும் இருக்கு. ஆரம்பத்துலயே ஆன்டிபயாடிக் சாப்பிட்டவங்களுக்கு ரெண்டாவது ரத்தமும் நெகட்டிவ்வாவே இருக்கலாம், கிருமி சீக்கிரமே ஒழிஞ்சதால உடம்பு ஆன்டிபாடி முழுசா செய்யாம விட்டுடும். அது நல்ல செய்திதான், ஆனா ரெண்டாவது நெகட்டிவ்வை வெச்சு அன்னைக்கு வந்தது லைம் இல்லைன்னு சொல்லிட முடியாது.

படி 3: ஃபார்ம்ல எழுத வேண்டியது

ரத்தம் எடுக்கற இடத்துல குடுக்கற ஃபார்ம்ல பேரு வயசு தவிர ஒண்ணும் எழுதாம அனுப்பறது சகஜம். ஆனா இந்த டெஸ்ட்டுக்கு அந்த ஃபார்ம்தான் பாதி டெஸ்ட். அறிகுறி ஆரம்பிச்ச தேதி, உண்ணி கடிச்ச தேதி தெரிஞ்சா அது, எந்த நாட்டுல எந்தப் பகுதியில இருந்தீங்க, முன்னாடி லைம் வந்து மருந்து சாப்பிட்டதுண்டா, இப்ப ஆன்டிபயாடிக் ஓடுதா, இவ்ளோவும் கண்டிப்பா போகணும். போன நாடு எதுக்குன்னா, அமெரிக்க இனத்தை வெச்சு செஞ்ச பழைய கிட் ஐரோப்பிய இனத்தைக் கோட்டை விடலாம், லேபுக்குத் தெரிஞ்சாத்தான் சரியான கிட்டைப் போடுவாங்க. இதோட ரூமட்டாய்டு, லூபஸ் மாதிரி ஆட்டோஇம்யூன் நோய், சிபிலிஸ் வந்த வரலாறு, சமீபத்துல வந்த கிளாண்டுலர் ஃபீவர் (எப்ஸ்டீன் பார் வைரஸ் காய்ச்சல்), நோய் எதிர்ப்பைக் குறைக்கற மருந்து, நரம்பு வழியா ஏத்தின இம்யூனோகுளோபுலின், இதெல்லாமும் எழுதுங்க. கடைசியா சொன்னதுல மத்தவங்க ரத்தத்துல இருந்து எடுத்த ஆன்டிபாடி உங்க உடம்புல சுத்திக்கிட்டு இருக்கும், அது டெஸ்ட்ல உங்களோடதாத் தெரியும்.

1998ல இருந்து 2002 வரைக்கும் அமெரிக்காவுல லைம்ரிக்ஸ்னு ஒரு தடுப்பூசி இருந்துச்சு, பாக்டீரியாவோட ஓஎஸ்பிஏ புரோட்டீனை வெச்சு செஞ்சது. அதைப் போட்டுக்கிட்டவங்களுக்கு முழு பாக்டீரியாவை வெச்சு செய்யற எலைசா (முதல் அடுக்கு டெஸ்ட், படி 5ல வருது) நோயே இல்லாம பாசிட்டிவ் ஆகும். இப்ப அது அபூர்வம், இருந்தாலும் அந்தக் காலத்துல போட்டுக்கிட்டவங்க சொல்லிடறது நல்லது.

படி 4: சாம்பிள்

இது சுலபம். சாதாரண சீரம் ட்யூப், கை நரம்புல இருந்து எடுக்கறது, வெறும் வயித்துல வரணும்னு இல்ல. ரத்தம் உறைஞ்சதும் சென்ட்ரிஃப்யூஜ்ல சுத்தி சீரத்தைப் பிரிச்சு 2ல இருந்து 8 டிகிரியில வெப்பாங்க, ரொம்ப நாள் வெக்கணும்னா மைனஸ் 20ல உறைய வெப்பாங்க. திரும்பத் திரும்ப உறைய வெச்சு உருக்கக்கூடாது. சிவப்பணு உடைஞ்சு சீரம் சிவந்து போனதும், கொழுப்பால பால் கலர்ல இருக்கறதும் ரீடிங்கைக் குழப்பும், அப்படி இருந்தா மறுபடி எடுக்கச் சொல்வாங்க, கோச்சுக்காதீங்க.

படி 5: முதல் அடுக்கு, எலைசா

இப்ப நடைமுறையில இருக்கற ரெண்டு அடுக்கு முறை 1994ல அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலத்து டியர்பார்ன் ஊர்ல நடந்த மாநாட்டுல முடிவானது. அதுக்கு முன்னாடி ஒவ்வொரு லேபும் தன் இஷ்டத்துக்கு ஒரு அளவுகோல் வெச்சிருந்தாங்க, ஒரே ரத்தம் இங்க பாசிட்டிவ் அங்க நெகட்டிவ்னு வரும். முதல் அடுக்கு நோய் இருக்கறவங்களை விட்டுடாம வளைச்சுப் பிடிக்கணும், ரெண்டாவது அடுக்கு அதுல தப்பா மாட்டினவங்களை வெளிய விடணும், இதுதான் யோசனை.

எலைசாவுல 96 குழி இருக்கற ஒரு பிளாஸ்டிக் பிளேட். குழியோட அடியில பாக்டீரியாவோட ஆன்டிஜென் ஒட்டியிருக்கும். உங்க சீரத்தை நீர்த்து அதுல விடுவாங்க. உங்ககிட்ட அதுக்கேத்த ஆன்டிபாடி இருந்தா ஆன்டிஜெனைப் போய்ப் பிடிச்சுக்கும். பல தடவை வாஷ், ஒட்டாதது எல்லாம் போயிடும். அடுத்து, மனுஷ ஆன்டிபாடியைப் பிடிக்கற இன்னொரு ஆன்டிபாடி, அதுக்கு ஒரு என்சைம் கோத்திருக்கும். மறுபடி வாஷ். சப்ஸ்ட்ரேட் விட்டதும் என்சைம் இருக்கற குழியில கலர் வரும், ஆசிட் விட்டு நிறுத்தி மெஷின்ல ஒளி எவ்ளோ உறிஞ்சுதுன்னு அளப்பாங்க. அதைக் கட்-ஆஃப் அளவால வகுத்தா ஒரு இன்டெக்ஸ் வரும். நிறைய கிட்டுல 0.90 வரைக்கும் நெகட்டிவ், 1.10ல இருந்து பாசிட்டிவ், நடுவுல இருக்கறது ஈக்விவோக்கல், அதாவது இழுபறி. உங்க ரிப்போர்ட்ல எந்த எல்லை போட்டிருக்கோ அதைத்தான் பாக்கணும்.

வாஷ் சரியா இல்லைன்னா ஒட்டாம நின்ன மிச்சம் கலர் குடுத்து தப்பு பாசிட்டிவ் ஆகிடும், அதனால ஒவ்வொரு ரன்லயும் பாசிட்டிவ் கன்ட்ரோல், நெகட்டிவ் கன்ட்ரோல் வெச்சு அது சரியா வந்தாத்தான் மத்த ரிசல்ட்டை வெளிய விடுவாங்க.

குழியில ஒட்டியிருக்கற ஆன்டிஜென் என்னங்கறது முக்கியம். பழைய கிட்டுல பாக்டீரியாவை வளத்து அல்ட்ராசவுண்ட்ல உடைச்ச மொத்த கலவை இருக்கும். அதுல மத்த பாக்டீரியாக்களோட ஒத்துப்போற புரோட்டீன்களும் இருக்கறதால வேற கிருமிக்கு வந்த ஆன்டிபாடியும் ஒட்டும். புது கிட்டுங்கள்ல விஎல்எஸ்ஈங்கற மேல்பரப்பு புரோட்டீனையோ, அதுல சி6ங்கற சின்னத் துண்டை மட்டுமோ வெச்சிருப்பாங்க. இந்தத் துண்டு பொரேலியா இனங்களுக்குள்ள பெருசா மாறாது, அதனால ஐரோப்பாவுல கடி வாங்கினவங்களையும் பிடிக்கும்.

இந்த அடுக்குல நெகட்டிவ்னா அத்தோட நிறுத்தணும். ரெண்டாவது அடுக்குக்குப் போகக்கூடாது. பாசிட்டிவ் இல்ல இழுபறின்னா மட்டும் அடுத்தது.

படி 6: ரெண்டாவது அடுக்கு, பேண்டுகள்

வெஸ்டர்ன் பிளாட்ல பாக்டீரியாவோட புரோட்டீன்களை ஒரு ஜெல்லுல மின்சாரம் விட்டு எடைவாரியா பிரிச்சு, அதை அப்படியே ஒரு மெல்லிய சவ்வுக்கு மாத்தி, நீளமான ஸ்ட்ரிப்பா வெட்டி வெச்சிருப்பாங்க. உங்க சீரத்துல அதை ஊற வெச்சா எந்தெந்த புரோட்டீனுக்கு ஆன்டிபாடி இருக்கோ அந்த இடத்துல கோடு விழும். அந்தக் கோட்டுக்குப் பேருதான் பேண்ட், பக்கத்துல இருக்கற நம்பர் அந்த புரோட்டீனோட எடை, கிலோடால்டன் கணக்குல. இப்ப சுத்தமான புரோட்டீனை மட்டும் கோடு கோடா போட்ட ஸ்ட்ரிப்பும் நிறைய இடத்துல புழக்கத்துல இருக்கு.

அமெரிக்க அளவுகோல் இப்படி. ஐஜிஎம்முக்கு மூணு பேண்ட்: 23, 39, 41. இதுல ரெண்டாவது இருக்கணும். ஐஜிஜிக்கு பத்து பேண்ட்: 18, 23, 28, 30, 39, 41, 45, 58, 66, 93. இதுல அஞ்சாவது இருக்கணும். சில ரிப்போர்ட்ல 23க்கு பதிலா 21 இல்ல 24னு, 93க்கு பதிலா 83னு இருக்கும், அதே புரோட்டீன்தான், பயப்பட வேண்டாம். ஐரோப்பாவுல இனங்கள் வேறங்கறதால இந்த எண்ணிக்கை அப்படியே பொருந்தாது, அங்க உள்ள லேப் தன் கிட்டுக்கான விதியை வெச்சிருக்கும்.

இப்ப எல்லாரும் கேக்கற 41. அது பாக்டீரியாவோட வால் மாதிரி இருக்கற ஃப்ளாஜெல்லம் புரோட்டீன். வாலு இருக்கற பாக்டீரியா உலகத்துல ஏராளம், நம்ம வாய்க்குள்ளயே பல் ஈறு ஓரத்துல இதுக்கு சொந்தக்கார சுருள் கிருமிங்க இருக்கு. அதனால லைம் இல்லாத ஆரோக்கியமான நிறைய பேருக்கும் 41 வரும். 41 மட்டும் இருந்தா அது நெகட்டிவ் ரிப்போர்ட். அதே மாதிரி ஐஜிஜியில நாலு பேண்ட் வந்தா ஐயோ ஒண்ணுல போச்சேன்னு நினைக்காதீங்க, சும்மா இருக்கறவங்களுக்கே ரெண்டு மூணு பேண்ட் வர்றதாலதான் அஞ்சுன்னு வெச்சாங்க. ஆனா அறிகுறி பொருத்தமா இருந்து இப்பதான் ஆரம்பிச்சிருந்தா, ரெண்டு மூணு வாரம் கழிச்சு மறுபடி எடுத்து பேண்ட் கூடுதான்னு பாக்கறது அர்த்தமுள்ள காரியம்.

ஐஜிஎம் பிளாட்ல ஒரு தொல்லை, கோடு மங்கலா இருக்கும்போது அது கோடா இல்லையான்னு ஆளுக்கு ஆள் மாறும். அதனால கூட ஓட்டற வீக் கன்ட்ரோல் ஸ்ட்ரிப்போட கோட்டை விட மங்கலா இருந்தா எண்ணக்கூடாதுங்கறது விதி. சில லேப் இந்த விதியைத் தளர்த்தி, சொந்தமா பேண்ட் எண்ணிக்கையைக் குறைச்சு பாசிட்டிவ் குடுக்கறாங்க. அந்த மாதிரி ரிப்போர்ட்டை நான் நம்ப மாட்டேன், மனுஷங்களை மாசக்கணக்கா தேவையில்லாத ஆன்டிபயாடிக்ல தள்ளி விடறது அதுதான்.

2019ல ஒரு மாற்றம் வந்துச்சு. பிளாட்டுக்கு பதிலா, வேற ஆன்டிஜென் வெச்ச இன்னொரு எலைசாவையே ரெண்டாவது அடுக்கா வெச்சுக்கலாம்னு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி குடுத்துச்சு, அங்க நோய்க் கட்டுப்பாட்டைப் பாக்கற சிடிசியும் ஏத்துக்கிச்சு. இதுக்கு மாடிஃபைடு ரெண்டு அடுக்கு முறைன்னு பேரு. மெஷினே படிக்கறதால ஆள் பாத்து மாறாது, சீக்கிரம் முடியும், ஆரம்ப கட்ட நோயைப் பழைய முறையை விடக் கொஞ்சம் அதிகமா பிடிக்கும், தப்பு பாசிட்டிவ்வும் கூடல. உங்க ரிப்போர்ட்ல பேண்ட் நம்பரே இல்லாம ரெண்டு எலைசா ரிசல்ட் மட்டும் இருந்தா பாதி டெஸ்ட்தான் பண்ணாங்கன்னு சண்டைக்குப் போக வேண்டாம், இந்த முறையா இருக்கும்.

படி 7: ரிப்போர்ட்டைப் படிக்கறது

ரிப்போர்ட்டைக் கையில எடுத்ததும் நம்பரைப் பாக்காதீங்க, ரத்தம் எடுத்த தேதியையும் அறிகுறி ஆரம்பிச்ச தேதியையும் பக்கத்துல பக்கத்துல எழுதுங்க. இடையில எத்தனை நாள்னு எண்ணுங்க. அப்புறம் கீழ படிங்க.

முதல் அடுக்கு நெகட்டிவ், 30 நாளுக்கு மேல ஆச்சு, எதிர்ப்பு சக்தி சாதாரணமா இருக்கறவர், அப்படின்னா லைம் இருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு. முக்கியமா மாசக்கணக்கா மூட்டு வீக்கம் இருந்து ஐஜிஜி நெகட்டிவ்னா வேற காரணத்தைத் தேடணும், லைம் மூட்டு வீக்கத்துல ஐஜிஜி அனேகமா எல்லாருக்குமே பலமா பாசிட்டிவ் ஆகும். 30 நாளுக்குள்ளன்னா நெகட்டிவ் ஒண்ணும் சொல்லல, அறிகுறி தொடர்ந்தா மறுபடி எடுக்கணும்.

ஐஜிஎம் பாசிட்டிவ், ஐஜிஜி நெகட்டிவ். 30 நாளுக்குள்ள, அறிகுறியும் பொருந்துதுன்னா இது ஆரம்ப கட்ட தொற்றா இருக்கலாம். அறிகுறி ஆரம்பிச்சு 30 நாளைத் தாண்டியிருந்தா ஐஜிஎம்மைக் கண்டுக்கவே கூடாது. இத்தனை நாள்ல நிஜத் தொற்றா இருந்தா ஐஜிஜி வந்திருக்கணும், வரலைன்னா அந்த ஐஜிஎம் தப்பு பாசிட்டிவ். லைம் டெஸ்ட்ல நடக்கற தப்புகள்ல அதிகமா நடக்கறது இதுதான், ஆறு மாசமா அசதி இருக்கற ஒருத்தருக்கு ஐஜிஎம் மட்டும் வந்ததை வெச்சு லைம்னு முத்திரை குத்திடறாங்க, நிஜக் காரணம் தைராய்டோ ஆட்டோஇம்யூனோ வேற எதுவோ கவனிக்காமலே கிடக்கு.

ஐஜிஜி பாசிட்டிவ். தொற்று என்னைக்கோ வந்திருக்கு. அறிகுறி லைமுக்குப் பொருந்தினா இதை ஏத்துக்கிட்டு சிகிச்சை. அறிகுறியே இல்லைன்னா பழைய, தானா அடங்கிப்போன தொற்றா இருக்கலாம், உண்ணி நிறைஞ்ச காட்டுல வேலை பாக்கறவங்கள்ல இப்படி நிறைய பேர் இருப்பாங்க.

தப்பு பாசிட்டிவ்வுக்கு காரணம் ஆகறது: சிபிலிஸ், மத்த பொரேலியாக்களால வர்ற ரிலாப்சிங் ஃபீவர், லெப்டோஸ்பைரோசிஸ், எப்ஸ்டீன் பார் வைரஸ், ரூமட்டாய்டு, லூபஸ், ஈறு நோய். அதே உண்ணி கொண்டு வர்ற அனாப்ளாஸ்மாங்கற இன்னொரு பாக்டீரியா தொற்றுலயும் லைம் ஐஜிஎம் பாசிட்டிவ் ஆகறது உண்டு. அதிகக் காய்ச்சலும் வெள்ளையணு, பிளேட்லெட் இறக்கமும் இருந்தா லைமை விட்டுட்டு அதைத் தேடச் சொல்லுங்க, அதுக்கு டெஸ்ட்டே வேற.

படி 8: மூளை, நரம்பு, மூட்டுன்னா

மூளை உறையில தொற்றுன்னு சந்தேகம் வந்தா முதுகுத் தண்டு நீரை எடுத்து அதுல ஆன்டிபாடி பாப்பாங்க. ஆனா ரத்தத்துல இருக்கற ஆன்டிபாடி கொஞ்சம் தானாவே அந்த நீருக்குள்ள கசியும், அதனால நீர்ல பாசிட்டிவ்னு மட்டும் சொன்னா பத்தாது. அதே நாள்ல ரத்தமும் எடுத்து, ரெண்டுலயும் லைம் ஆன்டிபாடியையும் மொத்த ஐஜிஜியையும் அளந்து, லைம் ஆன்டிபாடி ரத்தத்தோட ஒப்பிட்டா நீர்ல எவ்ளோங்கற விகிதத்தை, மொத்த ஐஜிஜியோட அதே மாதிரி விகிதத்தால வகுப்பாங்க. இதுதான் ஆன்டிபாடி இன்டெக்ஸ். லேப் போட்டிருக்கற எல்லைக்கு மேல வந்தா நரம்பு மண்டலத்துக்குள்ளயே ஆன்டிபாடி உற்பத்தி ஆகுதுன்னு அர்த்தம். ரத்தம் எடுக்காம நீரை மட்டும் அனுப்பினா இந்தக் கணக்கே போட முடியாது, முதுகுல ஊசி குத்தினது வீணாப் போயிடும், அதனால முன்னாடியே கேட்டுடுங்க. இந்த இன்டெக்ஸும் குணமான பிறகு வருஷக்கணக்குல உயர்ந்தே இருக்கலாம், நீர்ல வெள்ளையணு எண்ணிக்கையும் சேர்த்துத்தான் பாக்கணும். முக வாதம் மட்டும் இருக்கறவங்களுக்கு பெரும்பாலும் ரத்த டெஸ்ட்டே போதும்.

மூட்டுல, ரத்த ஐஜிஜி பாசிட்டிவ் ஆனதுக்கப்புறமும் சந்தேகம் இருந்தா மூட்டு நீர்ல பிசிஆர் பண்ணலாம், ரத்த பிசிஆரை விட இது எவ்வளவோ மேல்.

படி 9: சிகிச்சைக்கு அப்புறம் டெஸ்ட் எடுக்காதீங்க

மருந்து முடிஞ்சாச்சு, இப்ப நெகட்டிவ் ஆயிடுச்சான்னு பாக்கணும்னு எல்லாருக்கும் தோணும். நியாயமான ஆசைதான், ஆனா இந்த டெஸ்ட் அதுக்குப் பதில் சொல்லாது. அணைஞ்ச அடுப்பு சூடா இருக்கற மாதிரி கிருமி போன பிறகும் ஆன்டிபாடி இருந்துக்கிட்டே இருக்கும், ஐஜிஜி மட்டும் இல்ல, ஐஜிஎம்மும் சிலருக்கு 10, 20 வருஷம் கழிச்சுக்கூட இருந்ததைப் பாத்திருக்காங்க. அந்தப் பாசிட்டிவ்வை வெச்சு இன்னும் நோய் இருக்குன்னு திரும்பத் திரும்ப ஆன்டிபயாடிக் சாப்பிடறது உடம்பைக் கெடுக்கும். குணமாச்சான்னு அறிகுறிதான் சொல்லும். சிலருக்கு சிகிச்சைக்கு அப்புறமும் அசதியும் வலியும் மாசக்கணக்குல நீடிக்குது, அது நிஜமான கஷ்டம், அதை யாரும் லேசா எடுத்துக்கக்கூடாது, ஆனா அதை இந்த நம்பரால அளக்க முடியாது.

ஏற்கெனவே பாசிட்டிவ் ஆனவருக்கு மறுபடி உண்ணி கடிச்சு மறுபடி லைம் வரலாம், ஒரு தடவை வந்தா திரும்ப வராதுன்னு இல்ல. அங்கயும் புதுசா வந்த சிவப்பு வட்டம்தான் நம்பகமான அடையாளம். பழைய ரிப்போர்ட்டைப் பத்திரமா வெச்சுக்கிட்டா, அதையும் புதுசையும் வெச்சு பேண்ட் கூடியிருக்கான்னு டாக்டர் பாக்க உதவும்.

வேண்டாம்னு சொல்ல வேண்டிய டெஸ்ட்டுங்க

சிறுநீர்ல லைம் ஆன்டிஜென், சிடி57ங்கற ஒரு வகை வெள்ளையணு எண்ணிக்கை, ரத்தத் துளியை அப்படியே மைக்ரோஸ்கோப்புல காட்டி சுருள் கிருமி நெளியுதுன்னு சொல்றது, லிம்ஃபோசைட் டிரான்ஸ்ஃபர்மேஷன் டெஸ்ட், இது எதையும் லைமைக் கண்டுபிடிக்க சிடிசியோ தொற்றுநோய் நிபுணர் சங்கங்களோ பரிந்துரைக்கல. முதல் எலைசாவை விட்டுட்டு நேரா பிளாட் மட்டும் பண்றதும் இதே கணக்குதான், சல்லடை இல்லாம பேண்ட் எண்ணினா தப்பு பாசிட்டிவ் குவியும். யாராவது இதுல ஒண்ணை எழுதிக் குடுத்தா, ரெண்டு அடுக்கு டெஸ்ட் பண்ணீங்களா, எந்த ஆன்டிஜென் வெச்ச கிட், எந்த அளவுகோல்ல பாசிட்டிவ்னு சொல்றீங்கன்னு கேளுங்க. கேக்கறதுக்கு உங்களுக்கு முழு உரிமை இருக்கு, ஒழுங்கான லேப் இந்த மூணுக்கும் உடனே பதில் சொல்லும். ரிப்போர்ட்டோட கிட் பேரும் போட்டுத் தரச் சொல்லி வாங்கி வெச்சுக்கங்க, அடுத்த தடவை ரத்தம் எடுக்கும்போது அதே கிட்ல ஓட்டச் சொல்ல அது வேணும்.